ஐந்து புள்ளி ஒன்று

எங்கள் சங்கம் மூட்டுவாத நோயாளிகளுக்கானது. அது இருப்பது மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. யாரோ ஒரு புண்ணியவான் வீட்டைச் சும்மா கொடுத்துவிட்டார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்க முடியுமா? வேலையில் சேர்ந்த முதல் நாள் அந்த நாற்பத்தெட்டுப் படிகளை ஏறி முடிக்க எனக்குப் பதினோரு நிமிடம் ஆனது. மேலே நின்றுகொண்டிருந்த செயலாளர் சியூ அக்கா, "வா யூஃபென், நீ வேகம்தான். உனக்கு முன்னாடி சேர வந்தவ ரெண்டாவது மாடியிலயே உட்கார்ந்து யோசிச்சிட்டு, அப்படியே இறங்கிப் போயிட்டா" என்றார்.

எனக்கு அப்படி இறங்கிப் போக வழியில்லை. யுவான்லின் பேருந்து நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் டிக்கெட் கிழித்துக் கொடுத்தவள் நான். முதலில் விரல்கள் வீங்கின, அப்புறம் வளைந்தன, அப்புறம் கவுன்டரில் ஒரு இயந்திரத்தை வைத்து என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு வருடம் வீட்டுச் சுவரைப் பார்த்தேன். நாற்பத்தொன்பது வயதில், வளைந்த விரலை ஒரு தகுதியாக எடுத்துக்கொண்டு வேலை கொடுத்த இடம் உலகத்திலேயே இது ஒன்றுதான். அட்டையில் "மருத்துவமனைத் தொடர்பு அலுவலர்" என்று அச்சடித்துத் தந்தார்கள். அந்த அட்டையை என் மகனிடம் மூன்று தடவை காட்டினேன்.

வேலை இதுதான். டாக்டர் ஒரு காலையில் எண்பது பேரைப் பார்க்கிறார். ஆளுக்கு மூன்று நிமிடம். "எப்படி இருக்கீங்க?" என்று அவர் கேட்பார். எங்கள் ஆட்கள் முகமெல்லாம் சிரிப்பாக, "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன் டாக்டர்" என்பார்கள். பிறகு கீழே மருந்து வரிசையில் நின்று அழுவார்கள். டாக்டரிடம் வலியைச் சொல்வது அவர் வைத்தியத்தைக் குறை சொல்வதுபோல என்று எங்கள் பக்கத்தில் ஒரு மரியாதை. அந்த மரியாதையால் எத்தனை முழங்கால் போயிருக்கிறது என்று எண்ணினால் தலை சுற்றும். டாக்டரின் அறைக்குள் சங்கத்துக்கு ஒரு இடம் வாங்குவதும், நோயாளிகளை வாய் திறக்க வைப்பதும்தான் என் பொறுப்பு.

டாக்டர் வெய் மூன்று வருடமாகச் சங்கத்தை அண்டவிடாதவர். எனக்கு முன்னால் போனவர்கள் அன்னாசி கேக் பெட்டியோடு போய், பெட்டியோடு திரும்பி வந்தார்கள். நான் வெறுங்கையோடு போய் அவர் அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் டோக்கனிலிருந்து எண்பதாவது டோக்கன் வரை, மூன்று வாரம். ஒருநாள் வெளியே வந்தவர் நின்றுவிட்டார்.

"நீங்க யாரும்மா? நாற்காலிக்கு வாடகை கட்டுறீங்களா?"

அட்டையை நீட்டினேன். படித்துவிட்டு, "என்ன வேணும்?" என்றார்.

"உங்க நோயாளிங்க உங்ககிட்ட பொய் சொல்றாங்க டாக்டர். அதை நிறுத்தணும்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் நகரவும் இல்லை. "சரி, ஒரே ஒரு ஆளைத் தயார் பண்ணிக் கூட்டிட்டு வாங்க. நீங்களும் உள்ளே உட்காருங்க. உபயோகமா இருந்தா மேற்கொண்டு பேசலாம்" என்றார்.

அந்த ஒரே ஒரு ஆள்தான் ஆ-லுவான்.

ஆ-லுவானுக்கு நாற்பத்து மூன்று வயது. சந்தைக்குப் பின்னால் ஒரு அழகு நிலையத்தில் தலை கழுவுகிறவள். வாடிக்கையாளரை நாற்காலியில் நேராக உட்கார வைத்து, ஒரு சொட்டு நுரை கழுத்தில் வழியாமல், பத்து விரலாலும் கால் மணி நேரம் பிசைய வேண்டிய வேலை. புருஷன் சீனாவுக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். பதினான்கு வயதில் ஒரு மகள். ஆ-லுவானின் விரல்கள் ஒன்றரை வருடமாக வீங்கிக்கொண்டிருந்தன. எல்லா மாத்திரையும் பார்த்தாயிற்று. இனி அந்தப் புது ஊசிதான். நானும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதைப் போட்டுக்கொள்கிறவள்தான். எனக்கு அது கிடைத்தபோது விரல்கள் ஏற்கெனவே வளைந்துவிட்டன. அவளுடையவை இன்னும் நேராக இருந்தன. எலும்பு அரிக்கத் தொடங்கவில்லை என்று எக்ஸ்ரே சொன்னது. எனக்குக் கிடைக்காத நேரம் அவளுக்கு இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு வெறி வந்தது.

ஊசி விலை அதிகம். அரசுக் காப்பீடு கொடுக்க வேண்டுமானால் டாக்டர் இருபத்தெட்டு மூட்டுகளை அமுக்கிப் பார்த்து, ரத்தப் பரிசோதனையையும் சேர்த்து, நோயின் கடுமைக்கு ஒரு மதிப்பெண் போட வேண்டும். அது ஐந்து புள்ளி ஒன்றைத் தாண்ட வேண்டும். ஒரு தடவை தாண்டினால் போதாது. ஒரு மாதம் கழித்து மறுபடியும் தாண்ட வேண்டும். பள்ளிக்கூடத்தில் தவறிய பெண்களைக்கூட இங்கே நோயில் பாஸாகச் சொல்கிறார்கள்.

சங்கத்தில் அவளை உட்கார வைத்துப் பாடம் எடுத்தேன். நான்தான் டாக்டர்.

"எப்படி இருக்கீங்க?"

"உங்க புண்ணியத்துல..."

"அறைஞ்சிடுவேன். மறுபடி சொல்லு."

"அக்கா, அவரே எண்பது பேரைப் பார்த்துக் களைச்சுப் போயிருப்பாரு. நான் வேற போய் ஒப்பாரி வைக்கணுமா?"

"வை. அதுக்குத்தான் கூட்டிட்டுப் போறேன். வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு. வலிக்கலைன்னா வலிக்கலைன்னு சொல்லு. உள்ளதைச் சொல்லு, போதும்."

முதல் தடவை அவள் சொன்னாள். டாக்டர் மணிக்கட்டை அமுக்கியதும் "ஐயோ அம்மா" என்று கத்தியதில் நர்ஸ் கையிலிருந்த பேனாவைப் போட்டுவிட்டாள். மதிப்பெண் ஐந்து புள்ளி எட்டு. வெளியே வந்து நாங்கள் இருவரும் பரீட்சையில் தேறிய பிள்ளைகள் மாதிரி சிரித்தோம். பக்கத்தில் நின்றவர்கள் எங்களுக்கு ஏதோ நல்ல சேதி வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

இரண்டாவது தடவைக்குக் குறித்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. சந்திரப் புத்தாண்டு விடுமுறைக்கு முந்தைய கடைசி கிளினிக். அங்கேதான் எங்கள் போதாத காலம் உட்கார்ந்திருந்தது. புத்தாண்டு பிறந்த பிறகு இரண்டு நாள் தலைக்குத் தண்ணீர் விடக்கூடாது, அதிர்ஷ்டம் கழுவிக்கொண்டு போய்விடும் என்பது எங்கள் வழக்கம். அதனால் அதற்கு முந்தைய வாரம் ஊரில் உள்ள பெண்கள் எல்லாரும் அழகு நிலையத்தில்தான் இருப்பார்கள். ஒரு நாளில் முப்பது தலை, நாற்பது தலை.

திங்கட்கிழமை மதியம் ஆ-லுவான் போன் செய்தாள். அழுகையில் ஒன்றும் புரியவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். கடையின் பின்பக்கம், துண்டு உலர்த்தும் இடத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள். சோற்றுப் பெட்டி மடியில் திறக்காமல் இருந்தது. அதன் ரப்பரைக் கழற்ற அவளால் முடியவில்லை.

"முதலாளியம்மா சொல்லிட்டாங்க அக்கா. இந்த வாரம் நிக்க முடியலைன்னா புத்தாண்டுக்கு அப்புறம் வரவே வேணாமாம். நாலு நாள். நாலே நாள் தாண்டிட்டாப் போதும். உங்ககிட்ட அந்த மாத்திரை இருக்குமா? ஆரம்பத்துல நீங்க சாப்பிட்டதுன்னு சொன்னீங்களே, அது."

ஸ்டீராய்டு. எங்கள் பக்கத்தில் அதற்கு அமெரிக்கச் சஞ்சீவி என்று பெயர். சாப்பிட்ட அன்றே எழுந்து ஓடலாம். நிறுத்தினால் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுக்கும். என் கைப்பையில் எப்போதும் ஆறு மாத்திரை கிடக்கும். பழைய நோயாளிகள் எல்லாருடைய பையிலும் கிடக்கும். மிளகாய்ப்பொடி கடன் கொடுப்பது மாதிரி நாங்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வோம். சங்கத்தில் சேர்ந்த அன்று அதைச் செய்யவே கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். சியூ அக்கா அந்தத் தாளை நீட்டும்போது அவர் பையிலும் இருந்தது, எனக்குத் தெரியும்.

எனக்கு எல்லாம் தெரியும் என்பதுதான் கேடு. தெரியாதவள் என்றால் பயந்து விலகியிருப்பாள். நான் கணக்குப் போட்டேன். இன்று திங்கள். நாளுக்கு இரண்டாக, புதன்கிழமையோடு தீர்ந்துவிடும். வியாழன் இறங்கத் தொடங்கும். வெள்ளிக்கிழமை வலி உச்சத்தில் நிற்கும், மதிப்பெண் கேட்காமலே வரும். வேலையும் நிலைக்கும், ஊசியும் கிடைக்கும். இரண்டு மாங்காய். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

"நாளுக்கு ரெண்டு. புதன்கிழமை கடைசி. புரிஞ்சுதா? யார்கிட்டயும் மூச்சு விடாதே."

"நீங்க நல்லா இருக்கணும் அக்கா" என்றாள். சோற்றுப் பெட்டியின் ரப்பரை நான்தான் பல்லால் கழற்றிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை அவள் எனக்கு முன்பே வந்து மருத்துவமனைக் கூடத்தில் நின்றாள். முடியை அழகாகச் சுருட்டிவிட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கி, விரல்களை மடக்கி மூடித் திறந்து காட்டினாள். குழந்தை கை தட்டக் கற்றுக்கொண்டதுபோல இருந்தது.

"என்னடி இது?"

"வலியே இல்ல அக்கா! முதல் நாள் ஒண்ணு போட்டேன், அதுவே போதுமா இருந்துச்சு. எதுக்கு ரெண்டுன்னு தினம் ஒண்ணா வச்சுக்கிட்டேன். இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்கு. முப்பத்தெட்டு தலை அக்கா நேத்து! முதலாளியம்மா சிவப்பு உறையில புத்தாண்டுப் பணம் வச்சுக் குடுத்தாங்க."

சிக்கனமாக வாழ்ந்தே பழகியவள். அவளைத் திட்ட என்ன இருக்கிறது? வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தது நான். திரும்பிப் போய்விடலாம் என்று வாய் வரை வந்தது. அதற்குள் கதவுக்கு மேலே அவள் எண் சிவப்பாக எரிந்தது. உள்ளே டாக்டர் வெய் எனக்காக ஒரு நாற்காலியை, தன் கையாலேயே, சுவர் ஓரமாக நகர்த்திப் போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் ஒவ்வொரு மூட்டாக அமுக்கினார். "வலிக்குதா?"

"இல்ல டாக்டர்."

"இங்கே?"

"இல்ல டாக்டர். அங்கயும் இல்ல."

"என்னைச் சந்தோஷப்படுத்தச் சொல்றீங்களா?"

"ஐயோ இல்ல. அக்காதான் உள்ளதைச் சொல்லணும்னு சொல்லிக் குடுத்தாங்க" என்று என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள்.

டாக்டர் பேனாவை வைத்தார். "வேற ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களா? வெளியில வாங்கி?"

ஆ-லுவான் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தேன்.

"இல்ல டாக்டர்."

மூன்று புள்ளி நான்கு. "பிரமாதம்" என்றார் அவர். "பழைய மாத்திரையே வேலை செய்யுது. ஊசி வேணாம், தள்ளிப் போடலாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். மூன்று வருடம் யாருக்கும் கிடைக்காத முகம் அது. "மேடம், இந்தம்மா இவ்வளவு தெளிவா பதில் சொல்லி நான் பார்த்ததே இல்ல. விடுமுறை முடிஞ்சதும் வெளியே உங்க சங்கத்துக்கு ஒரு மேஜை போடச் சொல்றேன்."

கூடத்துக்கு வந்ததும்தான் ஆ-லுவானுக்குச் சந்தேகம் வந்தது. "ஊசி வேணாம்னா நல்லதுதானே அக்கா?" என்று கேட்டாள். நல்லதுதான் என்றேன்.

சியூ அக்கா அந்தச் செய்தி கேட்டு மூன்று மாடியும் இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். சங்கத்து அறிக்கையில் என் பெயர் வந்தது. புத்தாண்டுக்கு முந்தின இரவு விருந்துக்கு மீன் பொரித்தேன், மகன் சாப்பிட்டான், எனக்கு ஒரு கவளம் இறங்கவில்லை. புத்தாண்டின் இரண்டாம் நாள் காலையில் ஆ-லுவானின் மகள் போன் செய்தாள். அம்மாவால் படுக்கையில் புரளக்கூட முடியவில்லை என்றாள். கிளினிக் மூடியிருந்தது. அவசரப் பிரிவில் வலி ஊசி ஒன்றைப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். கடை திறந்த அன்று ஆ-லுவான் போகவில்லை. இரண்டு நாள் பொறுத்த முதலாளியம்மா மூன்றாம் நாள் வேறு ஒரு பெண்ணை வைத்துக்கொண்டாள்.

புத்தாண்டின் பதினைந்தாம் நாள் விளக்குத் திருவிழா, அது முடிந்த மறுநாள் மேஜை வந்தது. மேலே சங்கத்தின் பெயர், கீழே பச்சைத் துணி, நடுவில் நான். முதல் ஆளாக ஆ-லுவான் வந்து நின்றாள். கைகள் மகளின் பள்ளி ஜாக்கெட்டுக்குள் இருந்தன. வெளியே எடுக்கச் சொன்னேன். வலது கை நடுவிரலும் மோதிர விரலும் வெளிப்பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தன. அந்தச் சாய்வு எப்படி முடியும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, தினமும் அதை வைத்துத்தான் பல் துலக்குகிறேன்.

அப்போது முடிவு செய்தேன். "வா, உள்ளே போகலாம். நான் டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லப்போறேன்."

"எதை?"

"மாத்திரையை."

அவள் கைகளை மறுபடியும் ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டாள்.

டாக்டர் வெய் அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். "ஒரு மாசத்துல இப்படி ஆகாதே. போன தடவை எப்படி அவ்வளவு குறைஞ்சுது?"

"டாக்டர், அந்த வாரம் இவங்க ஒரு மாத்திரை..." என்று நான் ஆரம்பித்தேன். எச்சில் விழுங்க நின்றேன். அந்த ஒரு விழுங்கலுக்குள் ஆ-லுவான் புகுந்துவிட்டாள்.

"நான்தான் டாக்டர் தப்புப் பண்ணினேன். மூலிகைக் கடையில கறுப்பா ஒரு உருண்டை குடுத்தாங்க. வாங்கிச் சாப்பிட்டேன். அக்காவுக்கு இது இப்பத்தான் தெரியும். என்னைப் போட்டுத் திட்டித்தான் கூட்டிட்டு வந்தாங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். "அப்படியா மேடம்?"

"ஆமா" என்றேன். அது எப்படி என் வாயிலிருந்து வந்தது என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "என்ன மாத்திரை, எவ்வளவுன்னு தெரிஞ்சிருந்தா எழுதிட்டு அடுத்த மாசமே மறுபடி கணக்கெடுக்கலாம்மா. பழைய மதிப்பெண்ணையும் விளக்கிச் சொல்லலாம். இது என்னன்னே தெரியாத உருண்டை. இப்ப விண்ணப்பம் போட்டா கமிட்டி திருப்பி அனுப்பிடும். சொன்ன மருந்தை விட்டுட்டுக் கண்டதைச் சாப்பிடுற ஆள்னு குறிப்பு வேற விழும். ஆறு மாசம் ஒழுங்கா இருந்து காட்டணும். அப்புறம் முதல்லேர்ந்து."

ஆறு மாதம். ஆ-லுவானின் முகம் வெளுத்துப்போனது. இது அவளுக்குத் தெரியாது. என்னைக் காப்பாற்ற ஒரு பொய்யைக் கொடுத்தபோது, அதற்கு இரண்டு விரல் விலை என்று அவளுக்குத் தெரியாது. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, குற்றம் சொல்லவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். இனி நான் பேச வேண்டும். மாத்திரையின் பெயர் எனக்குத் தெரியும். அளவு தெரியும். எந்த மருத்துவமனையில் எழுதிக் கொடுத்தது என்றும் தெரியும். ஒரே வாக்கியம். ஆறு மாதம் ஒரு மாதமாகிவிடும்.

வெளியே மேஜை இருந்தது. இன்று மட்டும் பதினேழு பேர் வரப்போகிறார்கள், அவர்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அந்தப் பதினேழு பேரைப் பற்றி எனக்கு அந்த நேரத்தில் அக்கறையே இல்லை. வீட்டுச் சுவர்தான் கண்ணுக்குத் தெரிந்தது. ஆறு வருடம் நான் பார்த்த சுவர்.

டாக்டர் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. அது முடியும்வரை எனக்கு நேரம் இருந்தது. நீளமாகத்தான் தட்டச்சு செய்தார். முடித்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஆ-லுவான் எழுந்து தலை குனிந்து வணங்கினாள். கூடத்துக்கு வந்ததும், "ஆகஸ்ட் ஆயிடும் இல்ல அக்கா" என்றாள். என் மூஞ்சியில் காறித் துப்பியிருக்கலாம். பச்சைத் துணியோடு அந்த மேஜையைக் கவிழ்த்திருக்கலாம். வெளியே குளிர் காற்று அடித்தது. ஜாக்கெட்டின் ஜிப்பைப் போட முயன்றாள், விரல் நழுவியது. மறுபடியும் நழுவியது.

நான் அவள் முன்னால் குனிந்து, என் வளைந்த விரல்களால் அதைப் பிடித்து, கழுத்து வரை இழுத்துவிட்டேன்.

"தாங்க்ஸ் அக்கா" என்றாள்.

அதையும் வாங்கிக்கொண்டேன்.